குதிரையில் வந்த வாத்தியார்

டானியேல் பூரின் வாழ்க்கைக் கதை

ஏறக்குறைய 190 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

மதுரைச் சீமையில் ஒரு வெள்ளைக்காரர் குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போவார். அவர் வரி கேட்கப் போகவில்லை. வழக்கு விசாரிக்கவும் போகவில்லை. பள்ளிக்கூடம் பார்க்கப் போனார்!

போகிற வழியில் ஜனங்கள் கூடினால், குதிரையை விட்டு இறங்காமலே அவர்களிடம் பேசத் தொடங்கி விடுவார். பேச்சு தமிழில் இருக்கும்.

அவர்தான் டானியேல் பூர். அமெரிக்காவில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் இன்றும் பேசப்படும் பெயர் அது. மதுரையில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மதுரைப் பகுதியில் மட்டும் அவர் 37 பள்ளிக்கூடங்களை ஏற்படுத்தினார்.

பள்ளிக்கூடம் கட்டுவது பெரிய வேலை அல்ல. நாலு கால் நட்டு, ஓலை வேய்ந்தால் பள்ளிக்கூடம் தயார். ஆனால் 37 பள்ளிக்கூடத்துக்கு 37 வாத்தியார் வேண்டுமே! அதிலும் கணக்கும், பூகோளமும், வான சாஸ்திரமும் தெரிந்த வாத்தியார் எங்கே கிடைப்பார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே பூரின் வாழ்நாளில் பெரும் பகுதி போயிற்று.

5 மாதக் கப்பல் பயணம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம். அங்கே டான்வர்ஸ் என்ற ஊரில் 1789-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி பூர் பிறந்தார். டார்ட்மவுத் கல்லூரியில் படித்து, 1811-ல் பட்டம் பெற்றார். பிறகு ஆண்டோவர் என்ற இடத்தில் வேதக் கல்வி முடித்துப் பாதிரியார் ஆனார்.

1815 அக்டோபர் மாதம், புது மனைவி சூசனுடன் கப்பல் ஏறினார். அப்பொழுது அவருக்கு வயது 26. அது பாய்மரக் கப்பல். காற்று அடித்தால் ஓடும், அடிக்காவிட்டால் நிற்கும். 1816 மார்ச் மாதம்தான் கொழும்பு வந்து சேர்ந்தது. 5 மாதப் பயணம்!

கொழும்பிலிருந்து அவர் யாழ்ப்பாணம் போனார். தெல்லிப்பழையில் குடியேறினார். வந்த காரியம் கிறிஸ்தவ மதத்தைப் பரப்புவது. அதை அவர் ஒளிக்கவில்லை. ஆனால் வந்த இடத்தில் முதலில் தாமே மாணவராக உட்கார்ந்தார். தமிழ் படித்தார். தங்கு தடையில்லாமல் பேசும் அளவுக்குப் படித்தார். அந்த ஆண்டே தெல்லிப்பழையில் பள்ளிக்கூடமும் தொடங்கினார்.

1821-ல் மனைவி சூசன் காலமானார். வீடு இருண்டது. என்றாலும் பூர் ஊர் திரும்பவில்லை.

திண்ணையில் என்ன இருந்தது?

அந்தக் காலத்தில் நம் ஊர்களில் படிப்பே இல்லை என்று எண்ணி விடக் கூடாது. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். ஓலையில் எழுத்தாணியால் எழுதினார்கள். எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். முக்கால், அரை, கால், அரைக்கால், மா, காணி, முந்திரி என்று பின்னக் கணக்கு நாக்கு நுனியில் நின்றது. நெல் அளக்கவும், வட்டி போடவும் அந்தக் கணக்குப் போதும்.

பஞ்சாங்கம் கணிப்பவர்கள் அதற்கும் மேலே போனார்கள். சோழிகளைத் தரையில் பரப்பி வைத்துக் கொள்வார்கள். மனப்பாடமாக வைத்திருக்கும் வாக்கியங்களைக் கொண்டு கிரகண நேரத்தைச் சொல்லி விடுவார்கள். புதுச்சேரிப் பக்கம் ஒருவர் இப்படிக் கணித்ததை ஜான் வாரன் என்ற ஆராய்ச்சியாளர் கண்ணால் பார்த்தார். வியந்து போனார். 1825-ல் வெளியான தம் புத்தகத்தில் அதை எழுதி வைத்தார்.

ஆனால் ஒரு குறை இருந்தது. அந்தக் கணக்கு ஒரு சில குடும்பங்களுக்குள்ளேயே இருந்தது. ஏன் அப்படி வருகிறது என்று கேட்கும் வழக்கம் இல்லை. சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுப்பார் இல்லை.

கவர்னர் போட்ட தடை

பூரும் அவருடன் வந்தவர்களும் கிராமந்தோறும் பள்ளிக்கூடம் திறந்தார்கள். திண்ணை வாத்தியார்களையே வேலைக்கு வைத்தார்கள். அவர்களுக்கு எழுத்தும் எண்ணும் தெரியும். புதிய பாடங்கள் தெரியாது.

அமெரிக்காவிலிருந்து இன்னும் சிலரை வரவழைக்கலாம் என்றால், அதற்கும் தடை வந்தது. இலங்கையை ஆண்ட ஆங்கிலேய கவர்னருக்கு அமெரிக்கர்கள் பெருகுவது பிடிக்கவில்லை. 1820-ல் ஜேம்ஸ் காரெட் என்பவர் அச்சு வேலைக்காக வந்தார். அவரை நாட்டை விட்டுப் போகும்படி கவர்னர் உத்தரவிட்டார். அச்சுக்காரர் போய் விட்டார்!

வெளியிலிருந்து வாத்தியார் வர வழி இல்லை. உள்ளூரில் இருப்பவர்களுக்கோ புதிய பாடம் தெரியாது. என்ன செய்வது?

விடை ஒன்றுதான். இந்த மண்ணின் பிள்ளைகளையே வாத்தியார்கள் ஆக்க வேண்டும்.

வட்டுக்கோட்டை

1823-ம் ஆண்டு வட்டுக்கோட்டையில் ஒரு பெரிய பாடசாலை பிறந்தது. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்துப் பழைய தேவாலயத்தைச் செப்பனிட்டு அந்த இடத்தில் அமைத்தார்கள். அதற்குத் தலைவர் டானியேல் பூர். முதலில் சேர்ந்த மாணவர் சுமார் 50 பேர்.

அதைக் கல்லூரி என்று அழைக்கவே விரும்பினார்கள். சர்க்கார் அனுமதி கொடுக்கவில்லை. ஆகவே செமினரி என்று பெயர் வைத்தார்கள். பெயர் சிறியதானாலும் பாடம் சிறியது அல்ல.

தமிழ் இலக்கியம், இலக்கணம். ஆங்கிலம். எண் கணிதம், வீச கணிதம், யூக்ளிட்டின் வடிவ கணிதம், திரிகோண கணிதம். அதன் பிறகு இயற்கை விஞ்ஞானம், வான சாஸ்திரம். எல்லாம் அங்கே உண்டு.

சர் ரிச்சர்டு ஓட்லி என்ற நீதிபதி பணம் உதவினார். அவர் பெயரால் ஓட்லி மண்டபம் எழுந்தது. அமெரிக்காவில் இருந்தவர்கள் பலர் ஆளுக்கு ஒரு மாணவன் செலவை ஏற்றுக் கொண்டார்கள். உதவியவர் பெயரையே மாணவனுக்கு வைப்பது அங்கே வழக்கம். யாழ்ப்பாணத்துத் தமிழ் அறிஞர்கள் பெயரில் கரோல், நெவின்ஸ், ஆர்னால்டு என்று ஒட்டிக் கொண்டிருப்பது இப்படி வந்ததுதான்!

மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். ஆண்டுக் கணக்கில் படித்தார்கள். ஒரு கணக்கைப் போட்டால் மட்டும் போதாது. ஏன் அப்படி வந்தது என்று காரணம் காட்ட வேண்டும். இதுதான் யூக்ளிட் பாடத்தின் அடிப்படை. காரணம் காட்டத் தெரிந்தவன்தான் அதை இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுக்க முடியும்.

கிரகணம்!

1829-ம் ஆண்டு யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே பேச்சு. மார்ச் 20-ந் தேதி சந்திர கிரகணம் வரப் போகிறது!

கிரகணம் எப்பொழுது தொடங்கும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது. அதைக் கணித்தவர் அராலியைச் சேர்ந்த பேர் பெற்ற பஞ்சாங்கக் குடும்பத்தார். பூர் அதைப் பார்த்தார். தாமும் கணக்குப் போட்டார். இரண்டும் ஒத்து வரவில்லை. தொடங்கும் நேரத்தில் சுமார் கால் மணி வித்தியாசம் இருந்தது. எவ்வளவு நேரம் நீடிக்கும், சந்திரனில் எவ்வளவு மறையும் என்பதிலும் வித்தியாசம் தெரிந்தது.

பூர் அதை மறைக்கவில்லை. மாணவர்களிடமும் ஊராரிடமும் முன்கூட்டியே சொல்லி விட்டார். தவறிப் போனால் அவர் மானம் போகும். பாடசாலையின் பெயரும் கெடும்.

அந்த இரவும் வந்தது. சந்திரன் எழுந்தது. எல்லோரும் வானத்தையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். பஞ்சாங்கம் சொன்ன நேரத்துக்கு நிழல் விழவில்லை. பூர் சொன்ன நேரத்துக்கே கிரகணம் பிடித்தது!

இதில் பஞ்சாங்கக்காரருக்கு இழிவு ஒன்றும் இல்லை. பல நூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த கணக்கு, காலப் போக்கில் சிறிது நகர்ந்து விட்டது. அவ்வளவுதான். வட்டுக்கோட்டையிலும் பழைய கணக்கைத் தூக்கி எறியவில்லை. பூருக்குப் பின் தலைவராக வந்த ஹாய்சிங்டன், நம் நாட்டு வான சாஸ்திரத்தையே பாடப் புத்தகமாக ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1848-ல் வெளியிட்டார். பழைய கணக்கு, புதுக் கணக்கு இரண்டையும் மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அந்த இரவு ஜனங்களுக்கு ஒரு செய்தி சொன்னது. கணக்கு என்பது மனப்பாடம் அல்ல. வானத்தைப் பார்த்துச் சரிபார்க்கக் கூடியது. எந்த வீட்டுப் பிள்ளையும் அதைக் கற்றுக் கொள்ளலாம்.

மதுரைக்கு வந்தார்

1834-ம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமார்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து மதுரைக்கு வந்து பணி தொடங்கினார்கள். அவர்கள் தனியாக வரவில்லை. வட்டுக்கோட்டையில் படித்த தமிழ் இளைஞர்களையும் அழைத்து வந்தார்கள். 11 ஆண்டுகளுக்கு முன் விதைத்தது, அடுத்த கரையில் பயிராகத் தொடங்கியது!

1836-ல் பூரும் மதுரைக்கு வந்தார். அப்பொழுது அவருக்கு வயது 46.

அன்றைய மதுரை இன்றைய மதுரை அல்ல. ரெயில் இல்லை. அது வந்தது 1875-ல்தான். ஊரைச் சுற்றிப் பழைய கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. கலெக்டர் பிளாக்பர்ன் அவற்றை அப்புறப்படுத்தி, வீதிகளை அகலமாக்கினார். அந்த வேலை நடந்த காலத்தில்தான் பூர் மதுரையில் வசித்தார்.

ஊருக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். மதுரையிலிருந்து மேலூர் சுமார் 18 மைல். இன்று பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அன்று குதிரைக்கே அரை நாள் வேலை. பெரியாற்று அணை கட்டி முடிந்தது 1895-ல். அதற்கு முன் மேலூர்ச் சீமையின் வயல்கள் மழையையும் கண்மாயையும் நம்பி இருந்தன. மழை பொய்த்தால் கஞ்சிக்கே திண்டாட்டம். மாடு மேய்க்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்றால் யார் அனுப்புவார்கள்? இப்படிப்பட்ட ஊர்களுக்குப் படித்தவர் யார் வாத்தியாராக வருவார்கள்?

அந்த மதுரைச் சீமையில்தான் 37 பள்ளிக்கூடங்களைப் பூர் திறந்தார். திறந்ததோடு விட்டு விடவில்லை. அடிக்கடி நேரில் போய்ப் பார்த்தார். அதற்குத்தான் அந்தக் குதிரை. பட்டணத்தில் உட்கார்ந்து கொண்டு கிராமத்து வாத்தியாரைக் கவனிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

1841-ல் அவர் யாழ்ப்பாணம் திரும்பினார். ஆனால் பாதை போட்டு விட்டார். அதே வழியில் 1842-ல் திருமங்கலத்தில் ஒரு பாடசாலை தொடங்கியது. 1845-ல் அது பசுமலைக்கு மாறியது. அதன் தலைவர் வில்லியம் டிரேசி. மதுரைக் கிராமங்களுக்கு வேண்டிய வாத்தியார்கள் அங்கே உருவானார்கள். பின்னாளில் பசுமலையில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் நடந்தது. அங்கே வளர்ந்த கல்லூரி வகுப்புகள் 1904-ல் மதுரைக்கு வந்தன. அதுதான் இன்று தல்லாகுளம் அருகே இருக்கும் அமெரிக்கன் கல்லூரி!

வாத்தியார் எங்கே போனார்?

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாம் சுபம். ஆனால் முடியவில்லை.

வட்டுக்கோட்டையில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியும், கணக்குத் தெரியும். சர்க்கார் கச்சேரிகளுக்கும் அப்படிப்பட்ட ஆட்கள்தான் தேவை. கச்சேரியில் சம்பளம் அதிகம். மதிப்பும் அதிகம். கிராமத்து வாத்தியாருக்கு என்ன கிடைக்கும்? ஓலைக் கூரையும் சொற்பக் காசும்தான்.

எனவே படித்தவர்களில் பலர் உத்தியோகம் தேடிப் போனார்கள். இலங்கையில் மட்டும் அல்ல, சென்னை வரை போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் வீடு உண்டு, பிள்ளை குட்டி உண்டு.

இன்னொரு குறையும் இருந்தது. வட்டுக்கோட்டையில் படித்தவர்களில் பெரும்பாலோர் வசதியும் மேல்நிலையும் உள்ள குடும்பத்தார். தாழ்த்தப்பட்டவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் படிகள் எளிதில் எட்டவில்லை. எந்த வீட்டுப் பிள்ளை வாத்தியார் ஆகிறானோ, அந்த வீட்டுக் கஷ்டம்தான் அவனுக்குப் புரியும்.

அமெரிக்காவில் பணம் கொடுத்தவர்கள் கணக்குப் பார்த்தார்கள். மதத்துக்காகக் கொடுத்த பணம், சர்க்காருக்கு குமாஸ்தாக்களை உண்டாக்கப் போகிறதே என்று எண்ணினார்கள். விசாரிக்க இருவரை அனுப்பினார்கள். 1855-ல் வட்டுக்கோட்டைப் பாடசாலையை மூடி விட்டார்கள்.

எமர்சன் டென்னண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி சில ஆண்டுகளுக்கு முன்புதான் அந்தப் பாடசாலையை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு ஈடாகப் புகழ்ந்து எழுதியிருந்தார். அப்படிப்பட்ட இடத்துக்குப் பூட்டு விழுந்தது!

அந்தத் துயரத்தைப் பூர் பார்க்கவில்லை. இடையில் ஒரு முறை அமெரிக்கா போய் விட்டு, அங்கேயே தங்காமல் திரும்பி வந்திருந்தார். 1855 பிப்ரவரி மாதம் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி பரவியது. மானிப்பாயில் இருந்த பூரையும் அது விடவில்லை. அவர் உயிர் பிரிந்தது. வயது 65. அவற்றில் பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகள் தமிழ் மக்களிடையே கழிந்தவை.

விதை வீண் போகவில்லை

பாடசாலை மூடினாலும், அங்கே படித்தவர்கள் இருந்தார்களே!

கரோல் விசுவநாத பிள்ளை அவர்களில் ஒருவர். கணிதப் புலி. வீசகணிதம் என்ற நூலைத் தமிழில் எழுதி 1855-ல் வெளியிட்டார். இன்று இயற்கணிதம் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்களே, அதே பாடம்தான்! பாடசாலை மூடிய அதே ஆண்டில், அந்தப் பாடம் தமிழ்ப் புத்தகமாக வெளிவந்தது.

சி. வை. தாமோதரம் பிள்ளை இன்னொருவர். வட்டுக்கோட்டையில் படித்து விட்டு, கோப்பாயில் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளியில் பணி புரிந்தார். பிறகு தமிழ்நாடு வந்தார். பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தவர் அவர்தான்.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவர். யார் தெரியுமா? இந்த இருவரும்தான்!

மதத்தில் பூரின் கூட்டத்தாருக்கு நேர் எதிர் நின்றவர் ஆறுமுக நாவலர். அவரும் கல்வியில் பின்வாங்கவில்லை. 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1864-ல் சிதம்பரத்திலும் பள்ளி திறந்தார். சிறுவர்களுக்குப் பாலபாடம் எழுதினார். கொள்கையில் சண்டை இருக்கலாம். அந்தச் சண்டையில் லாபம் அடைந்தவர்கள் தமிழ்ப் பிள்ளைகள்.

வட்டுக்கோட்டை மக்களும் சும்மா இருக்கவில்லை. பழைய மாணவர்கள் முயன்றார்கள். 1872-ல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

மேலூருக்கு என்ன சொல்கிறது?

பூர் போன பிறகு ஒரு நூற்றாண்டு சென்றது. மேலூர் அருகே தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன், தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக இந்தப் பகுதியில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலில் உழைக்கும் பிள்ளை இரவில் படிக்கட்டும் என்பது எண்ணம். அவர் வெளியூர்க்காரர் அல்ல. அந்த மக்களில் ஒருவர். ஆகவே அவர்கள் கஷ்டம் அவருக்குத் தெரிந்தது. வட்டுக்கோட்டையில் விட்டுப் போன குறையை நிரப்ப இதுதான் வழி.

இன்று ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் இருக்கிறது. கட்டடம் இருக்கிறது. மதிய உணவு இருக்கிறது. ஆனாலும் தூரத்து ஊர்ப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியார் வந்தால், எப்பொழுது மாற்றல் வாங்கிப் போவாரோ என்று தாய் தகப்பன்மார் கவலைப்படுவது உண்டு. கணக்கும் விஞ்ஞானமும் நன்றாகப் படித்தவரைப் பட்டணத்து உத்தியோகம் இன்றும் கூப்பிடுகிறது. வட்டுக்கோட்டையில் வந்த அதே தொல்லைதான்!

டானியேல் பூரின் வாழ்க்கையில் இதற்கு இரண்டு பாடம் உண்டு. ஒன்று அவர் செய்தது. இன்னொன்று அவரால் செய்ய முடியாமல் போனது.

தூரத்து ஊருக்கு வாத்தியார் வெளியிலிருந்து வருவார் என்று காத்திருக்கக் கூடாது. அந்த ஊர்ப் பிள்ளைகளிலேயே கணக்கில் ஆர்வம் உள்ளவனை, உள்ளவளைக் கண்டு பிடிக்க வேண்டும். ஏழை என்று விட்டு விடாமல் செலவு செய்து படிக்க வைக்க வேண்டும். காரணம் சொல்லிக் கொடுக்கும் வித்தையில் பழக்க வேண்டும். இது அவர் செய்தது.

அப்படிப் பழகி வந்தவருக்கு, கச்சேரி உத்தியோகஸ்தருக்குக் குறையாத சம்பளமும் மரியாதையும் கொடுத்து, ஊரிலேயே நிற்க வைக்க வேண்டும். இது அவரால் முடியாமல் போனது.

முதல் வேலையை 1823-லேயே ஒருவர் தொடங்கி விட்டார். இரண்டாவது வேலை நம் கையில் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்குப் பாடத்தில் முந்தி நிற்கும் பிள்ளை யார்? விசாரித்துப் பாருங்கள். நாளைய வாத்தியார் அந்தப் பிள்ளையாகவே இருக்கலாம்!